ஊர்ப்பக்கம் திரும்பிக் கூவு

போர்ட் பிளேயர் பக்கத்துச் சௌல்தாரி ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. பாக்குத் தோப்பில் மரம் ஏறும் வேலை; மழையில் வழுக்கி விழுந்திருந்தேன். வீக்கம் பாதி வற்றியதும் தோப்புக்காரர் மறுபடியும் ஏறச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர்மீது கோபம் இல்லை. அவருக்குப் பாக்கு இறங்க வேண்டும், எனக்குக் கால் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வசூல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளே, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரி கட்டாத நிலத்தை எடுத்து ஏலம் விடும் இந்த வேலைக்கு நான் பரீட்சை எழுதி வரவில்லை. ரோட்டில் நடந்து வந்தேன். எட்டாவது வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு கப்பல் சரக்கு இறக்கினேன், கல் உடைத்தேன், ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், மரம் ஏறினேன். எந்த இடத்திலும் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்ததில்லை. நோட்டீஸ் எப்படி எழுதுவது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நிலத்தின்மேல் போய் நிற்கும்போது, எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். அதற்கு என் முதல் நாள் போதும்.

ஒரு ஜீப் என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்னாலேயே வந்தது. முன் இருக்கையில் ஓர் அம்மா. ஜீப்பின் தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டியிருந்தது.

“எங்க போறே?”

“போட் ஜெட்டிக்கு, மேடம். ஹேவ்லாக் தீவுல ஓட்டல் கட்டுறாங்களாம். ஆள் எடுக்கிறாங்களாம்.”

“கால்ல என்ன?”

“மரத்துல இருந்து விழுந்தேன்.”

“தொண்டை நல்லா இருக்கா?”

“தொண்டையால விழல, மேடம்.”

டிரைவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. “ஹிந்தி வருமா?”

“வரும்.”

“பெங்காலி?”

“சண்டை போடற அளவுக்கு வரும்.”

“அது போதும். ஏறு. மத்தியானம் சோறு உண்டு. சாயங்காலம் நானே ஜெட்டில கொண்டுபோய் விடறேன்.”

அந்த மேடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாயப் தாசில்தார், அதாவது துணைத் தாசில்தார். பஞ்சாயத்துகளுக்கு வராத வரியும் சர்க்காருக்கு வராத நிலவரியும் கடைசியில் அவர் மேஜைக்கு வந்து சேரும். அவர் அதை நிலமாக எடுத்து, ஏலம் போட்டுப் பணமாக்க வேண்டும். எங்கே ஏலம் நடந்தாலும் சொந்த நாற்காலியைக் கொண்டுபோவார். யார் வீட்டு நாற்காலியிலும் உட்கார மாட்டார். காரணத்தைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். ஒருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீட்டையே ஏலம் விட முடியாது. எதிராளி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுக்குக் கடன்பட்டவர்கள் ஆகிவிடுவோம்.

என்னை ஏற்றியது முனாதிக்காக. ஏலம் தொடங்குவதற்கு முன் அந்த நிலத்தின் மேலேயே நின்று, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி, அவர்களுக்குப் புரிகிற பாஷைகளில் வாயால் அறிவிப்பதற்குத் தாசில் ஆபீசில் முனாதி என்று பெயர். வழக்கமாகச் சொல்கிறவர் மகள் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்தார். திரும்பி வர வேண்டிய கப்பல் புறப்படவில்லை. நோட்டீஸ் முன்பே ஒட்டியாகிவிட்டது. ஆனாலும் வாயால் சொல்லாமல் ஏலத்தைத் தொடங்க மாட்டேன் என்பது மேடத்தின் பிடிவாதம்.

போகிற வழியில் விஷயத்தைச் சொன்னார். நான் முதுகு காட்டிவிட்டு வந்த சௌல்தாரியின் இன்னொரு ஓரம்தான். மாடசாமி என்பவருடைய நிலம். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். மேட்டில் வீடு, மாட்டுக்கொட்டில், கொஞ்சம் பாக்கு, மிளகு. பள்ளத்தில் நெல்வயல். சுனாமி வந்த நாளில் தரையே அமிழ்ந்து, அந்த வயல் கடலுக்குக் கீழே போய்விட்டது. கடல் ஏறும்போது வரப்பு வரை தண்ணீர் நிற்கும். இறங்கும்போது சேறு. நெல் திரும்பி வரவில்லை. மேடும் பள்ளமும் ஒரே நம்பர், ஒரே வரி.

மாடசாமி அன்றிலிருந்து வரி கட்டவில்லை. யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில்: “வயலைக் கடல் எடுத்துக்கிட்டுது. வரியைக் கடல்கிட்ட கேளுங்க.” மேட்டுக்கு மட்டுமாவது கட்டுங்கள் என்றால் மாட்டார். கட்டினால் பள்ளத்தைக் கைவிட்டதாக ஆகிவிடுமாம். வயலில் ஒன்றுமே விளையவில்லை, வரியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மனு மேல் மனு போட்டார். மனுக்கள் தூங்கின. பாக்கி தூங்கவில்லை.

“இன்னிக்கு மொத்தமும் ஏலத்துக்கு வருது. வீடும் சேர்த்து,” என்றார் மேடம்.

“யாரும் கேக்காட்டா?”

“கேக்காட்டா சர்க்கார் பேர்ல நிக்கும். மாடசாமி பாக்கியைக் கட்டி மீட்டுக்கலாம். ஆனா கேக்க ஒருத்தர் இருக்கார். வெளியாள் எடுத்து உறுதி ஆயிட்டா அப்புறம் மீட்க வழி கிடையாது.”

“ஒருத்தர்தானா?”

“ஒருத்தர்தான். அதான் பிரச்சினை.”

அந்த ஊர் வழக்கத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அங்கே தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள். பாஷை வேறு, ஆனால் இந்த விஷயத்தில் ஒரே வழக்கம். ஒருவருடைய நிலம் ஏலத்துக்கு வந்தால் அன்றைக்கு அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கேட்பது இருக்கட்டும், நின்று பார்ப்பதே அவமானம். அடுத்த வீட்டுக்காரன் தலை குனிகிற நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்கிற மரியாதை. நல்ல மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையால் ஏலத்தில் வெளியாள் ஒருவன் மட்டும் நிற்பான். போட்டி இல்லாமல் அடிமட்ட விலைக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான். மிச்சமென்று மாடசாமி கையில் ஒன்றும் வராது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஆள் இல்லை. கோழிகளைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள். கடல் முழுக்க ஏறியிருந்தது. மேடம் எப்போதும் அப்படித்தான் நேரம் வைப்பார். தண்ணீர் இறங்கிய நேரத்தில் சேற்றைக் காட்டி விற்றால், வாங்கியவன் மறுநாள் வந்து அழுவான் என்பார். வரப்பின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நிலக்கணக்கு பார்க்கும் பட்வாரி வரைபடத்தோடு நின்றார். மாடசாமி தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தன் நிலத்துக்குத் தானே வந்த விருந்தாளி மாதிரி. அவர் மனைவி பேச்சியம்மாள் கொட்டில் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்க வந்தவர் ஹேவ்லாக்கில் ஓட்டல் நடத்தும் ஒருவருக்காக நிலம் பார்த்துக்கொடுக்கும் தரகர். நல்லவிதமாகப் பேசுகிற மனிதர். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. என் பையைப் பார்த்தார்.

“எங்க தம்பி பயணம்?”

“ஹேவ்லாக், அண்ணே. வேலைக்கு.”

“அட, நம்ம இடம்தான். சாயங்காலம் என்கூடவே போட்ல வந்துடு. தங்க இடம், சாப்பாடு, எல்லாம் இருக்கு.” என்னை இரண்டு எட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோனார். “முனாதி நீதானா? தொண்டையைக் கெடுத்துக்காதே. கடல் பக்கம் திரும்பிச் சொல்லிடு. சட்டத்துக்கு வாய் திறந்தா போதும். இவங்களும் பாவம், கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. எதுக்கு அவங்க காதுல போட்டு வேதனைப்படுத்தணும்?”

கவனித்தீர்களா? கெட்டது செய்யச் சொல்லும்போது யாரும் கெட்டது செய் என்று சொல்வதில்லை. அடுத்தவன் மனம் நோகாமல் நடந்துகொள் என்றுதான் சொல்வார்கள். இந்த வேலையில் இது உங்களுக்கு அடிக்கடி வரும்.

நான் கடலைப் பார்த்துத் திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. முன்னால் மாடசாமியின் வயல். வயல் என்று சொல்ல அங்கே தண்ணீர்தான். தன் எல்லை என்று நாலு மூலையிலும் அவர் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார். பட்டுப்போன தென்னைகள் தலையில்லாமல் தண்ணீரில் நின்றன. ஒரு மரத்தின் மேல் மீன்கொத்தி. பாக்குத் தோப்பில் கேட்க ஆளில்லாமல் கத்திப் பழகியவன்தான் நான். ஆனால் ஒரு மீன்கொத்தியைப் பார்த்து, சர்க்கார் வரி பாக்கி என்று கத்துவதற்கு வாய் வரவில்லை. பைத்தியக்காரன் மாதிரி இருந்தது. நேர்மையால் திரும்பினேன் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தால் திரும்பினேன். ஊரைப் பார்த்து நின்று, வயிற்றிலிருந்து எடுத்துக் கூவினேன்.

“சுனோ, சுனோ! தண்ணிக்குள்ள போன வயல் ஏலம்! வரி பாக்கிக்காகக் கடல்ல முங்கின வயல் ஏலம்! கேக்கிறவங்க வந்து கேளுங்க!”

ஹிந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, என் சண்டைக்கார பெங்காலியில் ஒரு முறை. கண்ணில் எது நிறைந்திருந்ததோ அதைத்தான் சொன்னேன். நிலத்தின் நம்பரும் நான்கு எல்லையும் எழுதிய தாள் என் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. தெரிந்தே சொன்னாயா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. அவ்வளவு புத்திசாலியாக நான் இருந்ததில்லை. பார்ப்பதைச் சொல்லிப் பழக்கம். படித்துச் சொல்லிப் பழக்கமில்லை.

ஒரு கதவு திறந்தது.

பிறகு இன்னொன்று. பக்கத்து நிலத்து ஹரிபதா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி வரை வந்தார். வங்காளி; நண்டு வளர்த்து போர்ட் பிளேயருக்கு அனுப்புகிறவர். அவர் பேசியதெல்லாம் ஹிந்தி; நான் தமிழில் சொல்கிறேன்.

“என்ன பாய், வெறும் தண்ணியா ஏலம்?”

“ஆமா, தண்ணிதான்.”

“மாடசாமி வீடு?”

“வீட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.”

அவர் திரும்பி ஏதோ குரல் கொடுத்தார். இரண்டு வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு இன்னும் சிலர். வேலிக்கு வெளியே, மாடசாமியின் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டைக் கேட்க அவர்களில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள், காலைப் பிடித்து இழுத்தாலும். ஆனால் கடலைக் கேட்பதில் யாருக்கு அவமானம்?

தரகர் ஹெல்மெட்டோடு மேடத்தின் முன்னால் வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

“மேடம், இது செல்லாது. நோட்டீஸ் மொத்த நிலத்துக்கு. உங்க ஆள் வயலை மட்டும் கூவிட்டான். திரும்ப ஒழுங்காக் கூவச் சொல்லுங்க. இல்லேன்னா நான் மேல எழுதுவேன்.”

மேடம் என்னைக் கூப்பிட்டார். “நீ சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லு.”

சொன்னேன். குரல் இப்போது அவ்வளவு பெரிதாக இல்லை. வேலை போனது, சோறும் போனது, ஜெட்டிக்கு நடந்துதான் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தரகர். ஒரு பக்கம் வேலியில் ஊர். வாசலில் மாடசாமி. எல்லோரும் மேடத்தின் வாயைப் பார்க்கிறார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பிறகு பட்வாரியைக் கேட்டார்.

“இந்த வரப்பு படத்துல இருக்கா?”

“இருக்கு மேடம். பழைய வரப்புதான். மேட்டையும் பள்ளத்தையும் பிரிக்கிறது இதான்.”

“அப்போ பள்ளத்தைத் தனியா அளந்து காட்ட முடியும்?”

“முடியும்.”

அவர் தரகரிடம் திரும்பினார். “நோட்டீஸ் மொத்தத்துக்குத்தான். ஆனா மொத்தத்தையும் வித்தே ஆகணும்னு எங்கேயும் இல்லை. பாக்கிக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு வித்தாப் போதும்னுதான் இருக்கு. முதல்ல பள்ளம். அதுல பாக்கி தீராட்டா அடுத்தது மேடு. நீங்களும் கேளுங்க. மேல எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க, ஒரு காப்பி எனக்குக் கொடுத்துடுங்க.”

பாக்கி தீராவிட்டால் மேடு. அதாவது வீடு. மாடசாமிக்கு அது புரிந்தது; கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

கேட்பு தொடங்கியது. தரகர் ஒரு சின்னத் தொகை சொன்னார். ஹரிபதா அதற்குமேல் கொஞ்சம் சொன்னார். தரகர் நிறுத்திவிட்டார். தண்ணீர் மலிவாகப் போனால் பாக்கி தீராது, மேடு வரும், மேட்டைக் கேட்க ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சும்மா இருப்பதே அவருக்கு லாபம். ஹரிபதா தன் கூட்டாளிகளோடு குசுகுசுத்தார். மேலே ஏற மனமில்லை. உப்புத் தண்ணீர், வரப்பு உடைந்து கிடக்கிறது, இதற்குமேல் எதற்கு?

மாடசாமி பொறுக்க முடியாமல் வேலிப்பக்கம் வந்தார். “அரே ஹரி, என்ன யோசிக்கிறே? உள்ளே எவ்வளவு நண்டு இருக்குன்னு உனக்குத் தெரியாதா? வடக்கு மூலைல கையை விட்டா...”

“நீங்க பேசாதீங்க,” என்றார் மேடம். “இந்த வயல்ல ஒண்ணுமே கிடையாதுன்னு நீங்க எழுதின மனு அத்தனையும் என் கட்டுல இருக்கு. இப்போ நண்டு இருக்குன்னா, நான் எதை நம்பறது?”

வேலியில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாடசாமி வேலியிலிருந்து பின்வாங்கினார். வருஷக்கணக்காகச் செத்த வயல் என்று சாதித்தவர். அதை உயிரோடு இருக்கிறது என்று சொல்ல அவருக்கு மட்டும் உரிமை இல்லை.

கொட்டில் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தார். கையில் இன்னும் தண்ணீர் வாளி.

“மனு எழுதினது அவுக. நான் எழுதல. நான் பேசலாமா?”

மேடம் தலையாட்டினார். “பேசுங்க.”

“ஏலே ஹரி,” என்றார் பேச்சியம்மாள். அவருக்கு ஹரிபதா தம்பி முறை. தமிழும் ஹிந்தியும் கலந்த பேச்சு. “போன வாரம் உன் பெண்டாட்டிக்கு ஒரு கூடை நண்டு குடுத்து விட்டேனே, அது எங்க புடிச்சதுன்னு நெனச்சே? பஜார்லயா? அவுக பகல்ல மனு எழுதுவாக. நான் விடியமுன்ன தண்ணி வத்தும்போது எறங்கிருவேன். இந்தப் பள்ளம்தான் வீட்டுக்குச் சோறு போட்டுது. வரப்பு உடைஞ்சுதான் கெடக்கு. நாலு ஆள் சேந்தா கட்டிரலாம். ஒனக்கு வேண்டாம்னா ஹெல்மெட்டுக்குப் போகட்டும். நாளைக்கு உன் வேலி ஓரமா ஓட்டல் கட்டிப் பாட்டுப் போடுவான், நண்டெல்லாம் ஆடும்.”

மாடசாமி தன் மனைவியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்த நண்டு எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

ஹரிபதா சிரித்தார். “சரி தீதி, சரி.” கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். மூன்று பேர் சேர்ந்து கேட்பதென்று முடிவானது. தொகை ஏறியது. தரகருக்கு இப்போது சும்மா இருக்க முடியவில்லை; தண்ணீரும் போய்விட்டால் ஓட்டலுக்குக் கடல் பக்கம் கிடைக்காது. அவரும் ஏற்றினார். இவர்கள் ஏற்றினார்கள். மேடம் ஒவ்வொரு கேட்பையும் என்னை மூன்று பாஷையில் திரும்பச் சொல்ல வைத்தார். கடைசியில் தரகர் ஹெல்மெட்டின் வாரைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்குமேல் ஏற்றவில்லை.

“முடிஞ்சுது,” என்றார் மேடம். “பள்ளம் ஹரிபதா கூட்டத்துக்கு. பாக்கியும் செலவும் தீர்ந்துது.”

“மேட்டை எப்போ கூப்பிடறீங்க?” என்றார் தரகர்.

“கூப்பிட மாட்டேன். தீர்ந்த பாக்கிக்கு எதை விக்கிறது?”

நாற்காலியை நானே தூக்கி ஜீப்பில் கட்டினேன். மாடசாமி பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல,” என்றார். “கடல்கிட்ட கேளுங்கன்னு.”

“ஆமா,” என்றார் மேடம். “கேட்டோம். குடுத்துடுச்சு.”

சிவப்புத் துணிக் கம்புகளைப் பிடுங்க மாடசாமி தண்ணீரில் இறங்கியதை ஜீப் திரும்பும்போது பார்த்தேன். பேச்சியம்மாள் கரையில் நின்று, எந்தக் கம்பை முதலில் பிடுங்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வழியில் மேடம் என்னைத் திட்டினார். திட்டுவார் என்று தெரியும்.

“தப்பாச் சொன்னே. உன் பையில தாள் இருந்துது. படிக்கத் தெரியுமா?”

“எட்டாவது, மேடம்.”

“முழுசாவா?”

“பாதி.”

“அந்தப் பாதியையாவது உபயோகிக்கணும். இனிமே கண்ணால பாக்கிறதைக் கூவாதே.”

“இனிமேன்னா?”

அவர் மனுக் கட்டைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் கேட்டேன்: “தப்புன்னா ஏன் மேடம் திரும்பக் கூவச் சொல்லல?”

“திரும்பக் கூவியிருந்தா என்ன ஆகும்? எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பாங்க. அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. ஜனங்க ஒரு தடவைதான் வெளியே வருவாங்க. வந்தப்போ அவங்க கேக்கிற மாதிரி ஏதாவது நம்மகிட்ட இருக்கணும். அது சட்டத்துல இருக்கான்னு பாத்தேன். இருந்துது. இல்லாம இருந்திருந்தா உன்னைத் திரும்பக் கூவத்தான் சொல்லியிருப்பேன். வீடு போயிருக்கும்.”

இதைத்தான் அவரிடம் நான் கற்றேன். அவர் சட்டத்தை வளைக்கவில்லை. மாடசாமி மேல் இரக்கப்பட்டு எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பாக்கி முழுதாக வந்தது. தன் ஆள் செய்த தவறைப் பார்த்தார், அந்தத் தவறு திறந்துவிட்ட கதவையும் பார்த்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்குத் தவறு மட்டும்தான் கண்ணில் படும். அதைத் திருத்துகிற அவசரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கடல் பக்கம் திரும்பிக் கூவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் வேறொரு தீவில் ஒருவர் அப்படிச் செய்தார். பெயர் வேண்டாம். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. ஏலம் முடிந்து, வாங்கியவர் வேலி போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது. அந்த ஏலம் கடைசியில் ரத்தானது. வாங்கியவர் வேலியைப் பிடுங்கினார், நிலத்தை இழந்தவருக்கு அதற்குள் மாடு கன்றெல்லாம் போயிருந்தது. இப்போது உங்களுக்கு மைக் இருக்கிறது, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிறீர்கள். மைக்குக்கும் முகம் உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இறங்கிப் பாருங்கள்.

மேடம் சொன்னபடி என்னை ஜெட்டியில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, “நம்ம முனாதிக்காரர் இனிமே வர மாட்டார் போல. மெயின்லேண்ட்லயே மகள்கூட இருக்கப் போறாராம். நாள்கூலிதான். வேணும்னா காலைல தாசிலுக்கு வா,” என்றார். வற்புறுத்தவில்லை.

தரகர் ஹேவ்லாக் போட்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் இப்போது கையில் இருந்தது. தலை வழுக்கை. என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

“வா தம்பி. கோபமெல்லாம் இல்லை. அப்படியொரு தொண்டை எங்களுக்கும் வேணும். டூரிஸ்ட்டுங்களைக் கூப்பிட ஆள் இல்லை.”

நல்லவிதமாகப் பேசுகிறவர் என்று சொன்னேனே. போயிருப்பேன். ஆனால் நான் கட்டிய நாற்காலியை ஜீப் டிரைவர் இறுக்கிக் கட்டும்போது சொன்ன ஒன்று காதில் நின்றது: “முனாதிக்காரனுக்கு என்ன கவலை? இன்னிக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர். ஒரே இடத்துல உக்கார விட மாட்டாங்க.” உட்காரத் தெரியாதவனுக்கு அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? போட் போனதைப் பார்த்துவிட்டு, ஜெட்டி பக்கத்து ஷாதிபூரில் தெரிந்தவர் ஒருவரின் கடை வாசலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டேன்.

காலையில் தாசிலுக்குப் போனேன். மேடம் என் காலைப் பார்த்தார், பிறகு ஒரு தாளை நீட்டினார்.

“படி.”

எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாடசாமி. மேட்டு நிலம். நடப்பு வருஷத்து வரி.

“நேத்துதானே மேடம் அவரைக் காப்பாத்தினோம்?”

“யாரையும் காப்பாத்தல. பாக்கி வசூல் பண்ணோம். இது இந்த வருஷத்துது. இப்பவே கேட்டு வாங்கினாத்தான் மறுபடியும் பாக்கி விழாது, நானும் மறுபடியும் நாற்காலியைத் தூக்கிட்டுப் போக வேண்டாம். அவர் கையில குடுக்காதே. அந்த அம்மா கையில குடு.”

“அவர் மறுபடியும் கடல்கிட்ட கேளுன்னு சொன்னா?”

“இனிமே அவருக்கும் கடலுக்கும் நடுவுல ஹரிபதா இருக்கார்னு சொல்லு.”

தாளை மடிக்காமல், பிரித்தபடியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஜீப் வேறு பக்கம் போயிருந்தது. முந்தின நாள் எந்த ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தேனோ, அதே ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.